டிரைசூட்டுக்குள் எந்த வாயு? உவரிக் கரையில் ஒரு முன்னேற்பாடும் அதன் விளைவும்

## பின்னணி

கடலுக்கு அடியில் வேலை செய்வது திருநெல்வேலிச் சீமையின் கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. சங்கு குளிப்பது இன்றும் தொடர்கிறது. ஆனால் இங்கே தண்ணீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதால், குளிரை முன்னிட்டு உடை தேர்ந்தெடுக்கும் அறிவு இந்தக் கரையில் யாருக்கும் வழிவழியாக வந்ததில்லை. குளிர்நாட்டுத் தண்ணீரில் இறங்கப் போகிறவர் அதை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிரைசூட் என்ற தண்ணீர் புகாத உடைக்குள் எந்த வாயுவை நிரப்புவது என்பதை அப்படிக் கற்றுக்கொண்ட இருவரின் அனுபவம் இங்கே பதிவாகிறது. அவர்களுக்குக் கரையில் உதவியாக இருந்து குறிப்பெடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலாமவர் உவரியை அடுத்த ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். நாற்பது வயதைக் கடந்தவர். மெலிந்த உடல்வாகு உடையவர். கடலடிக் குழாய்களைப் பரிசோதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவர். இரண்டாமவர் பாளையங்கோட்டைக்காரர், இளைஞர், சற்றுப் பருமனானவர். இவர்களோடு, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். இளைஞருக்கு அவர் பள்ளி ஆசிரியர் என்பதால் எல்லோருக்குமே அவர் ‘சார்’ ஆகிவிட்டார்.

இருவரின் இலக்கு ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் உள்ள ஸ்காபா ஃப்ளோ. முதல் உலகப் போருக்குப் பின் அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த ஜெர்மன் கடற்படையின் கப்பல்களை, அவற்றின் மாலுமிகளே 1919 ஜூன் 21-ஆம் நாள் மூழ்கடித்தார்கள். பெரும்பாலானவை பின்னர் மீட்கப்பட்டு உடைக்கப்பட்டன. மூன்று போர்க்கப்பல்களும் நான்கு இலகு க்ரூசர்களும் இன்றும் அடியில் கிடக்கின்றன. மார்க்கிராஃப் என்ற போர்க்கப்பல் ஏறத்தாழ 45 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அங்குள்ள தண்ணீர் கோடையின் இறுதியில்கூட 13 டிகிரி அளவைத்தான் எட்டும்.

## கேள்வி எழுந்த விதம்

முதலாமவர் அதற்கு முன் ஐரோப்பாவில் வேலையாக இருந்தபோது, நீர் நிரம்பிய கல்குவாரி ஒன்றில் 6 டிகிரித் தண்ணீரில் 50 மீட்டர் வரை இறங்கியிருக்கிறார். மேலேறும் வழியில், 6 மீட்டர் ஆழத்தில் அழுத்தத் தணிப்புக்காக, அதாவது உடலில் கரைந்த வாயு குமிழியாகாமல் மெல்ல வெளியேறுவதற்காக, நெடுநேரம் நிற்க வேண்டிய கட்டத்தில், உடல் கட்டுப்படாமல் நடுங்கியது. விரல்கள் கொக்கியைத் திறக்க மறுத்தன. உடன் வந்தவர்கள் உதவியதால் வேறு தீங்கு நேரவில்லை.

டிரைசூட் என்பது தண்ணீர் உள்ளே புகாத உடை. ஆழம் கூடும்போது உடைக்குள் இருக்கும் வாயு சுருங்கி, உடை உடலைக் கவ்விப் பிடிக்கும்; அதைத் தவிர்க்க, மார்பில் உள்ள வால்வு வழியாக வாயுவைச் செலுத்திக்கொண்டே இறங்க வேண்டும். மேலேறும்போது விரியும் வாயுவை இடது தோள்பக்க வால்வு வெளியேற்றும். குளிரைத் தாங்குவது ரப்பரோ துணியோ அன்று, டிரைசூட்டுக்குள் அணியும் தடித்த உள்ளுடையின் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் அந்த வாயுதான். குவாரியில் அவருடைய உடைக்குள் போனது, முதுகில் இருந்த சிலிண்டரில் சுவாசத்துக்காக நிரப்பியிருந்த கலவையே. அதில் ஆக்சிஜன் 18 சதவீதம், ஹீலியம் 45 சதவீதம், மீதி நைட்ரஜன். உடைக்கென்று தனிச் சிலிண்டர் எடுத்துச் செல்லவில்லை.

ஸ்காபா ஃப்ளோ பயணம் முடிவானதும், இளைஞர் ஆர்கானைப் பரிந்துரைத்தார். குளிர்நீரில் ஆழமாக இறங்குவோரிடையே அது பல ஆண்டுகளாகப் புழங்கும் வழக்கம். வெல்டிங் பட்டறைகளுக்கு வரும் வாயு என்பதால் திருநெல்வேலியிலேயே கிடைக்கும். காற்றா, ஆர்கானா என்ற கேள்வியை முன்வைத்துத்தான் ஆசிரியரிடம் போனார்கள்.

## கணக்கு காட்டியது

வெப்பம் கடத்தும் திறனை வாட் அலகில், ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு என்று அளந்தால், காற்றுக்கு ஏறத்தாழ 0.026, ஆர்கானுக்கு 0.018, ஹீலியத்துக்கு 0.15. அதாவது ஆர்கான் காற்றில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தைத்தான் கடத்தும். ஹீலியமோ காற்றைப் போல ஆறு மடங்கு கடத்தும். ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் இந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை.

உடலின் பரப்பு 1.8 சதுர மீட்டர், உள்ளுடைக்குள் நிற்கும் வாயுவின் தடிமன் 10 மில்லிமீட்டர், தோலுக்கும் தண்ணீருக்கும் இடையே வேறுபாடு 20 டிகிரி என்று வைத்து ஆசிரியர் கணக்கிட்டார். காற்று மட்டும் இருந்தால் ஏறத்தாழ 94 வாட் வெளியேறும். ஆர்கான் மட்டும் இருந்தால் 65 வாட். ஹீலியம் மட்டும் இருந்தால் 540 வாட். சும்மா இருக்கும் ஒரு மனிதரின் உடல் உண்டாக்கும் வெப்பம் 100 வாட் அளவுதான் என்பதை நினைத்தால், குவாரியில் நடந்தது ஏன் என்பது விளங்கும். 45 சதவீத ஹீலியம் உள்ள கலவை காற்றைப் போல இருமடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்திவிடும். ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிப்பதால்தான் உடல் குளிர்கிறது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் ஒரே கன அளவுக்கு ஒப்பிட்டால் ஹீலியம் நைட்ரஜனைவிடக் குறைந்த வெப்பத்தையே ஏந்திச் செல்லும் என்பதால், மூச்சின் வழி இழப்பு அதனால் கூடுவதில்லை. அது உடைக்குள் இருப்பதுதான் சிக்கல். வேறொரு காரணமும் சேர்கிறது: ஹீலியம் உடலைச் சூழ்ந்திருக்க, நைட்ரஜன் மிகுந்த வாயுவைச் சுவாசித்தால், ஒன்று தோல் வழியாக விரைந்து உள்ளே போகும், மற்றது மெதுவாக வெளியேறும், அதனால் தோலில் குமிழிகளும் தடிப்புகளும் தோன்றக்கூடும் என்பது 1970-களிலேயே சோதனைச்சாலையில் தெரியவந்தது. மேலேறும்போது நைட்ராக்ஸுக்கு, அதாவது ஆக்சிஜனைக் கூட்டிய நைட்ரஜன் கலவைக்கு, மாறுகிறவரின் நிலை அத்தகையது.

ஆகவே சுவாசக் கலவை உடைக்குள் போகக் கூடாது என்பதில் விவாதமே எழவில்லை. ஆர்கானைப் பற்றி ஆசிரியர் இன்னொரு கணக்கையும் போட்டார். காற்றையே வைத்துக்கொண்டு, வாயுப் படலத்தின் தடிமனை 10-இலிருந்து 15 மில்லிமீட்டராகக் கூட்டினால் இழப்பு 62 வாட் ஆகிறது. ஆர்கான் தரும் பயன் முழுவதும் கிடைத்துவிடுகிறது. ஆனால் உடல் முழுவதும் 5 மில்லிமீட்டர் கூட்டுவது என்றால் 9 லிட்டர் வாயு கூடுதலாகச் சுமப்பது. அதைத் தண்ணீருக்குள் அமிழ்த்த ஏறத்தாழ 9 கிலோ ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்த 9 லிட்டரும் மேலேறும்போது விரிந்து, கட்டுப்பாட்டைக் குலைக்கப் பார்க்கும். ஆர்கானின் பக்கம் நியாயம் இருப்பது இங்கேதான்: பருமன் கூடாமலே வெப்பம் காக்கும்.

இந்தக் கணக்கு தூய வாயுவுக்கு உரியது. உண்மையில் உள்ளுடையின் இழைகளும் வெப்பத்தைக் கடத்துகின்றன. உடையை மாட்டும்போதே உள்ளே அறைக் காற்று நிறைந்திருக்கிறது. பலமுறை நிரப்பி நிரப்பி வெளியேற்றினால்தான் அந்தக் காற்று போகும். அதில் பாதி உள்ளேயே தங்கிவிட்டால் பயனும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 2001-இல் நார்வேயிலும், 2013-இல் நெதர்லாந்துக் கடற்படை மருத்துவர்களாலும், முக்குளிப்பவர்களைக் கொண்டே செய்து வெளியிடப்பட்ட ஆய்வுகளில், ஆர்கானுக்கும் காற்றுக்கும் இடையே உடல் வெப்பத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

## ஐஸ் தொட்டியில்

இளைஞருக்கு இது நிறைவு தரவில்லை. படித்ததை நம்புவதைவிடத் தம் உடையில், தம் உடம்பில் பார்த்துவிட வேண்டும் என்றார். அந்த வேண்டுகோள் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். உடையும் உள்ளுடையும் உடல்வாகும் ஆளுக்கு ஆள் மாறுபவை.

கரையில் ஐஸ் கம்பெனி ஒன்றின் பின்புறம், மீன் பெட்டிகள் கழுவப் பயன்பட்டு இப்போது சும்மா கிடக்கும் சிமெண்ட் தொட்டி ஒன்றை உரிமையாளர் கொடுத்தார். பாளம் பாளமாக ஐஸை உடைத்துப் போட்டுத் தண்ணீரை 9 டிகிரியில் நிறுத்தினோம். இருவரும் மாறிமாறிக் கழுத்தளவு அமர்ந்தார்கள். மார்பு, முதுகு, தொடை ஆகிய இடங்களில் வெப்பமானிகள் ஒட்டப்பட்டன. எந்த நாளில் எந்த வாயு என்பது ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். உடைக்கு வாயு தரும் இரண்டு சிறிய சிலிண்டர்களும் ஒரே மாதிரிச் சாக்குத்துணியால் சுற்றப்பட்டிருந்தன.

ஒரே வாயுவை இரு வேறு நாட்களில் பயன்படுத்தியபோது வந்த வேறுபாடு, ஆர்கானுக்கும் காற்றுக்கும் இடையே தெரிந்த வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தது. எந்த நாள் ஆர்கான் நாள் என்று கேட்டதற்கு இளைஞர் சொன்ன விடைகளிலும் சரியும் தவறும் கலந்தே இருந்தன.

தெளிவாகப் பிரிந்து நின்றது ஒரே ஒரு நாள். இருவரும் அன்று விடியற்காலையில், கனத்த உள்ளுடையோடு எவ்வளவு ஈயம் தேவைப்படும் என்று பார்ப்பதற்காக, வள்ளத்தில் போய்க் கடலில் இறங்கிவிட்டு வந்திருந்தார்கள். 28 டிகிரித் தண்ணீரில், குளிருக்கான உடைக்குள் இருந்ததால் இளைஞருக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. அதே உள்ளுடையோடு, வெயிலில் சற்று நேரம் காயவைத்துவிட்டு, பிற்பகல் ஐஸ் தொட்டியில் அமர்ந்தார். மேலே காய்ந்தது போலத் தோன்றினாலும் இழைகளுக்குள் ஈரம் நின்றிருந்தது. தண்ணீர் காற்றைப் போல ஏறத்தாழ 23 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அன்று அவரால் குறித்த நேரம் வரை உட்கார முடியவில்லை. முதுகு வெப்பநிலை மற்ற எந்த நாளிலும் காணாத அளவுக்கு இறங்கியது. பிறகு ஆசிரியர் வெளிப்படுத்தியபடி, அன்று உடைக்குள் இருந்தது ஆர்கான்.

இந்தச் சோதனைக்கு எல்லைகள் இருந்தன. தொட்டியில் தலை வெளியே, வெப்பமான காற்றில் இருந்தது. உட்கார்ந்த நிலையில் நீரின் அழுத்தம் காலில் கூடுதலாகவும் மார்பில் குறைவாகவும் இருக்கும் என்பதால் வாயு மேல்பாதிக்கு ஒதுங்கிவிடும். கிடைமட்டமாக நீந்துகிறவரின் உடையில் அது வேறு விதமாகப் பரவும். ஆகவே ஆர்கானால் பயனில்லை என்று இது நிறுவிவிட்டதாக ஆசிரியர் ஏற்கவில்லை. எங்கள் உடையில், எங்கள் கைப்பழக்கத்தில், அந்தப் பயன் மற்றவற்றின் இடையே மறைந்துவிடும் அளவுக்குச் சிறியது என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

## சுற்றிவைத்த சிலிண்டர்

சோதனை நடந்துகொண்டிருந்த நாட்களில் நடந்த ஒன்று, முடிவை வேறு எதையும்விட வலுவாகப் பாதித்தது. முதலாமவரின் அக்காள் மகன் கரையில் கூடமாட வேலை செய்துகொண்டிருந்தான். அவசரத்துக்கு மூச்சு வாங்கும் சிறிய சிலிண்டர் ஒன்றை எடுத்துவரச் சொன்னபோது, சாக்குத்துணி சுற்றிய இரண்டில் ஒன்றை எடுத்து, வாயில் வைக்கும் ரெகுலேட்டரையும் மாட்டிக் கொண்டுவந்துவிட்டான். எந்தச் சிலிண்டரானாலும் வாயில் வைக்கும் முன் ஆக்சிஜன் அளவைப் பார்ப்பது முதலாமவரின் மாறாத பழக்கம். கருவி பூச்சியத்தை ஒட்டிக் காட்டியது. உள்ளே இருந்தது ஆர்கான்.

ஆர்கானுக்கு நிறமும் மணமும் இல்லை. மூச்சு முட்டும் உணர்வு, கரியமில வாயு உடலில் சேர்வதால் வருவது. ஆக்சிஜன் இல்லாமல் போவதால் வருவதன்று. எனவே ஆர்கானை இழுக்கும் ஒருவருக்கு எந்த எச்சரிக்கையும் தோன்றாது. சில மூச்சுகளில் நினைவு தப்பிவிடும். தண்ணீருக்குள் அதன் பொருள் மரணம். பையன் மீது குறை சொல்ல இடமில்லை: சோதனைக்காக அடையாளத்தை மறைத்த துணியே ஆபத்தை உண்டாக்கியது. அன்றே துணி நீக்கப்பட்டது. பிந்திய நாட்களில் இரண்டு சிலிண்டர்களும் பெரிய எழுத்தில் பெயரோடு ஒரு தட்டிக்குப் பின்னால் நின்றன. குழாய் மட்டும் இப்பால் வந்தது. ஆர்கான் சிலிண்டரில் உடைக்கான குழாயைத் தவிர வேறெதுவும் மாட்ட முடியாதபடி மற்றத் துளைகள் அடைக்கப்பட்டன. வாயில் வைக்கும் பகுதி இல்லாத ரெகுலேட்டரில் உள்ளழுத்தம் மிஞ்சினால் வெளியேற வழி இருக்காது என்பதால், அழுத்தம் விடுவிக்கும் வால்வு ஒன்றும் பொருத்தப்பட்டது. உடைக்கெனத் தனிச் சிலிண்டர் வைப்பவர்கள், அதில் காற்றே இருந்தாலும், இந்த வால்வை விட்டுவிடக் கூடாது.

## முடிவும் காரணங்களும்

இளைஞர் அதன் பிறகும் ஆர்கானை விட்டுவிட விரும்பவில்லை. “ஒரு சின்ன சிலிண்டர்தான அண்ணாச்சி, கொண்டுட்டுப் போனா என்ன கொறஞ்சிரப் போவுது?” என்று கேட்டார். “வெரல் மரத்த பொறவு எந்தச் சிலிண்டர் எதுன்னு தடவிப் பாக்க முடியாது தம்பி” என்றார் முதலாமவர்.

முடிவு இவ்வாறு அமைந்தது. உடைக்குத் தனியே 1.5 லிட்டர் சிலிண்டர், அதில் காற்று மட்டும். 200 பார் அழுத்தத்தில் அது 300 லிட்டர் தரும். உடைக்குள் 15 லிட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொண்டால் 45 மீட்டருக்கு இறங்க 70 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே செலவாகும் என்பதால் போதிய மிச்சம் இருக்கும். உள்ளுடையை உடல் முழுவதும் தடிக்க வைக்காமல், கையில்லாத தடித்த மேலாடை ஒன்றை உடற்பகுதிக்கு மட்டும் சேர்த்தார்கள். கூடுதல் ஈயம் தாங்கும் அளவில் நின்றது. தோலை ஒட்டி அணியும் மெல்லிய ஆடையில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் உலர்ந்த மாற்று ஒன்று. தண்ணீரில் இறங்கும் நேரம் நெருங்கும்வரை டிரைசூட்டின் ஜிப்பை மூடக் கூடாது.

மெலிந்தவரான முதலாமவர் மின்சூட்டு மேலாடை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். அதை எப்போது இயக்குவது என்பது தனிக் கேள்வி. அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு 2007-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அடியில் இருக்கும்போது உடல் சூடாகவும் மேலேறும்போது குளிராகவும் இருப்பதுதான் அழுத்தத் தணிப்பு நோய்க்கு மிகவும் இடம் கொடுக்கும் நிலை. நேர்மாறானது மிகவும் பாதுகாப்பானது. அடியில் சூடேற்றிக்கொண்டு, மேலேறும்போது மின்கலம் தீர்ந்துபோனால், அந்த மோசமான நிலைக்கே போய்ச் சேர்வோம். ஆகவே மேலேறத் தொடங்கிய பிறகே இயக்குவது என்றும், அது இல்லாமலே தாங்கும் அளவுக்கு உள்ளுடை இருக்க வேண்டும் என்றும் தீர்மானித்தார்கள். சூட்டுக் கம்பி உள்ள உடைக்குள் ஆக்சிஜன் மிகுந்த வாயு போனால் தீப்பற்றும் அபாயம் உண்டு. எனவே தணிப்புக்கான 50 சதவீத நைட்ராக்ஸ் சிலிண்டரின் குழாய் உடை வால்வில் பொருந்தாதபடி அமைக்கப்பட்டது.

## ஸ்காபா ஃப்ளோவில்

மே மாத இறுதியில், 9 டிகிரியை ஒட்டிய தண்ணீரில், இருவரும் மார்க்கிராஃப் உள்ளிட்ட கப்பல்களில் இறங்கினார்கள். 35 சதவீத ஹீலியம் உள்ள கலவையைச் சுவாசித்தார்கள், உடைக்குள் காற்று. முதலாமவர் சொன்னபடி, உடலின் நடுப்பகுதி கடைசி நிறுத்தம் வரை வெதுவெதுப்பாகவே இருந்தது. குவாரியில் கண்ட நடுக்கம் ஒருமுறையும் வரவில்லை. மின்சூட்டு மேலாடை ஓர் இறக்கத்தில் வேலை செய்யாமல் போனது. குளிர் தெரிந்தது, தாங்க முடிந்தது.

படகில் பலர் நேரத்தோடு உடை மாட்டி, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு, கனத்த சிலிண்டர்களோடு மேல்தளத்தில் நடமாடியதை இருவரும் கவனித்தார்கள். குளிர்நாட்டுக் காற்றிலும் அப்படி நடந்தால் உள்ளே வியர்க்கும். ஐஸ் தொட்டியில் ஈர உடையோடு உட்கார்ந்த அனுபவம் இல்லாதிருந்தால் தாமும் அதையே செய்திருக்கக்கூடும் என்று இளைஞர் பின்னர் எழுதினார்.

எதிர்பாராத சங்கடம் கைகளுக்கு வந்தது. இருவரும் தண்ணீர் புகும் நியோபிரீன் கையுறைகளையே அணிந்திருந்தார்கள். இளைஞரின் விரல்கள் 6 மீட்டர் நிறுத்தத்தில் மரத்துப்போய், காலியான சிலிண்டரின் கொக்கியை இடம் மாற்ற அவருக்குத் துணை வேண்டியிருந்தது. உடைக்குள் எந்த வாயு என்று வாரக்கணக்கில் விவாதித்தபோது, அந்த வாயு மணிக்கட்டு முத்திரையோடு, அதாவது மணிக்கட்டில் தண்ணீரைத் தடுக்கும் இறுக்கமான பட்டையோடு, நின்றுவிடுகிறது என்பது எங்கள் பேச்சில் வரவே இல்லை.

## இனி மாற்றுபவை

அடுத்த பயணத்துக்கு இருவரும் உலர் கையுறைகளுக்கு மாறுகிறார்கள். உடையின் கையில் வளையம் பொருத்தி, அதில் கையுறையைப் பூட்டி, மணிக்கட்டு முத்திரைக்கு அடியில் ஒரு மெல்லிய குழாயைச் செருகினால், உடைக்குள் இருக்கும் வாயு விரல்வரை போகும். கையுறை கிழிந்தால் அதே குழாய் வழியாகத் தண்ணீர் உடைக்குள் வரும் என்பது அதன் மறுபக்கம். கிழிந்த கையுறையோடு என்ன செய்வது என்பதைக் குளிர்நீருக்குப் போகும் முன் இங்கேயே பழக வேண்டும். வெப்பத்தில் கனத்த உள்ளுடையோடு கடலில் பழகுவதைக் குறைத்து, ஈயத்தின் அளவைத் தொட்டியிலேயே பார்த்துவிட முடிவாகியிருக்கிறது; அன்று வியர்வையில் நனைந்ததைவிட, வெப்பத்தாக்கு வந்திருக்கக்கூடும் என்பதே எனக்குப் பெரிய கவலை.

ஆர்கானைப் பற்றிய ஆசிரியரின் நிலை திறந்தே இருக்கிறது. நான்கைந்து மணி நேரம் நீருக்குள் இருப்பவர்களுக்கு, கூடுதல் ஈயமும் பருமனும் தாங்க முடியாத இடங்களில், உடையை முறையாகப் பலமுறை அலசி நிரப்பும் பொறுமையும் சிலிண்டரைப் பிரித்து வைக்கும் ஒழுங்கும் இருந்தால், அந்தச் சிறிய பயன் வேண்டியதாக இருக்கலாம் என்கிறார். ஒரு மணி நேரத்தை ஒட்டிய இறக்கங்களுக்கு இருவரும் காற்றையே தொடர்கிறார்கள். மீதியிருந்த ஆர்கான் வெல்டிங் பட்டறைக்குக் கொடுக்கப்பட்டது. அது இருந்த சிறிய சிலிண்டரை வேறெதற்கும் பயன்படுத்தாமல் தனியே பூட்டி வைத்திருக்கிறார்கள்.